ஒரு கையுறையின் விலை

2005-ஆம் ஆண்டு ஏசியாசாஃப்ட் நிறுவனம் மேப்பிள்ஸ்டோரி என்ற கொரிய விளையாட்டை மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் சேர்த்து ஒரே பதிப்பாக வெளியிட்டது. ஜொகூர் நீரிணையின் இரு கரைகளிலும் இருந்தவர்கள் அக்வீலா, பூட்டீஸ் என்று விண்மீன் கூட்டங்களின் பெயர் சூட்டிய அதே உலகங்களுக்குள் நுழைந்தார்கள். அதே அரக்கர்களை அடித்து அதே மெசோ நாணயத்தைச் சேர்த்தார்கள். மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சுற்றி வளர்ந்த ஸ்கூடாய் போன்ற மாணவர் ஊர்களில் ஒரு தலைமுறை முதன்முதலாக வாங்கி விற்கப் பழகிய சந்தைகளில் இத்தகைய இணைய விளையாட்டுச் சந்தையும் ஒன்று. அங்கே ஒரு வாளுக்கோ சட்டைக்கோ இன்ன விலை என்று நிறுவனம் அறிவிக்கவில்லை. விளையாடுபவர்களே கடை போட்டார்கள், விலை வைத்தார்கள், பேரம் பேசினார்கள். அப்படியானால் அந்த விலை எங்கிருந்து வந்தது? எது அரிதோ அது விலை கூடும் என்ற பதிலோடு பெரும்பாலோர் நின்றுவிடுகிறார்கள். அது போதாது. ஒரு பொருளை எவ்வளவு எளிதாகத் தேடிக் கண்டுபிடிக்க முடிகிறது, நாணயம் எந்த வேகத்தில் பிறந்து எந்த வேகத்தில் அழிகிறது, அதிர்ஷ்டத்தின் விகிதம் உண்மையாகச் சொல்லப்பட்டிருக்கிறதா என்பவையே விலையைப் பெரிதும் ஆள்கின்றன. இவை மூன்றுமே பொருளுக்கு வெளியே, சந்தையின் அமைப்பில் இருப்பவை. அந்த அமைப்பை வகுப்பவருக்கு விலையின் மீது இருக்கும் அதிகாரத்தை விளையாட்டு என்று சொல்லி ஒதுக்கிவிடக் கூடாது என்பதே என் வாதம்.

அரிதான தன்மையிலிருந்தே தொடங்கலாம். பழைய மேப்பிள்ஸ்டோரியில் சாதாரண வேலைக் கையுறை ஒன்று உண்டு. கையுறை என்ற அளவில் அதற்குப் பெரிய மதிப்பு கிடையாது. ஆனால் அதை ஐந்து முறை மேம்படுத்தலாம். அதற்கென ஒரு சுருள் உண்டு. விளையாடுபவர்கள் ஸ்க்ரோல் என்பார்கள். அந்தச் சுருள் பலிக்க 60 விழுக்காடு வாய்ப்பு. பலித்தால் தாக்கும் வலிமை 2 கூடும். பலிக்காவிட்டால் ஐந்து வாய்ப்புகளில் ஒன்று வீணாகும், சுருளும் போய்விடும். ஐந்தும் பலித்த கையுறைக்கு வலிமை 10. அதைத்தான் எல்லோரும் தேடினார்கள். இதன் விலையைத் தாளும் பென்சிலும் கொண்டே கணக்கிட்டுவிடலாம். ஐந்து முறையும் தொடர்ந்து பலிக்கும் வாய்ப்பு 0.6-ஐ ஐந்து முறை பெருக்கினால் வரும்: 0.078, அதாவது நூறு கையுறைகளில் எட்டுக்கும் சற்றுக் குறைவு. ஆக, ஒரு வெற்றிக்குச் சராசரியாக 13 கையுறைகள் வேண்டும். முதல் தோல்வியிலேயே ஒரு கையுறையைக் கைவிட்டு அடுத்ததை எடுத்தால், ஒரு கையுறைக்குச் சராசரியாக 2.3 சுருள்கள் செலவாகும்; வெற்றி பெற்ற கையுறை ஒன்றுக்கு ஏறத்தாழ 30 சுருள்கள். எனவே 10 வலிமை கொண்ட கையுறையின் விலை, 30 சுருள்களின் விலையும் 13 வெறும் கையுறைகளின் விலையும் சேர்ந்த தொகையைச் சுற்றியே ஊசலாடும். பாதியில் கைவிட்டவற்றை மலிவாகத் தள்ளிவிட முடிந்தால் அந்த வருமானத்தை இதில் கழித்துக்கொள்ளலாம். சந்தை விலை இதைவிட மிகவும் ஏறினால், வாங்குவதை விட்டுச் சொந்தமாகச் செய்யப் பலர் இறங்குவார்கள். சுருளுக்குத் தேவை கூடி அதன் விலை ஏறும். விலை மிகவும் இறங்கினால் யாரும் சுருளை வீணாக்க மாட்டார்கள். புதிய கையுறைகள் வருவது நின்றுபோகும். இந்த இழுபறியை நடத்த ஒரு அதிகாரியும் தேவைப்படவில்லை.

ஆனால் சராசரி என்பது ஒரு மனிதருக்கு நடப்பதல்ல. 13 கையுறைகளை வாங்கி முயன்ற மூவரில் ஒருவர் ஒரு வெற்றியும் இல்லாமல் வெறுங்கையோடு நிற்பார் என்று அதே கணக்கு சொல்கிறது. கையில் மெசோ குறைவாக இருப்பவருக்கு அந்த இழப்பு தாங்காது. நிறைய வைத்திருப்பவர் நூறு கையுறைகளில் முயன்று சராசரியை எட்டிவிடுவார். அதனால்தான் செய்து விற்பவர்கள் பெரும்பாலும் பெரும் கையிருப்பு உள்ளவர்களாகவும், கணக்கிட்ட செலவைவிடச் சற்றுக் கூட்டி விற்பவர்களாகவும் இருக்க நேர்கிறது. அந்தக் கூடுதல் தொகை பேராசையின் அடையாளம் அல்ல. இன்னொருவரின் துரதிர்ஷ்டத்தைத் தன் தோளில் ஏற்றதற்கான கூலி அது. காப்பீட்டு நிறுவனம் வாங்கும் தவணைக்கும் இதுவே அடிப்படை.

கணக்கு இவ்வளவு தெளிவாக இருந்தும், அந்தச் சந்தையில் ஒரே பொருள் ஒரே நாளில் மிகவும் வேறுபட்ட விலைகளில் விற்க முடிந்தது. காரணம், வீரர்கள் கடை போடும் ஃப்ரீ மார்க்கெட் என்ற பகுதி கட்டப்பட்டிருந்த விதம். ஒரே உலகின் இணைப் பிரதிகளான சேனல்கள் ஒவ்வொன்றிலும் 22 அறைகள். சேனல்களோ பத்துக்கும் மேல். அறைக்குள் நுழைந்து, வரிசையாக நிற்கும் கடைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால்தான் உள்ளே என்ன இருக்கிறது, என்ன விலை என்று தெரியும். கூலிக்கு வைக்கும் வணிகர் என்ற வசதி இருந்ததால், உரிமையாளர் கணினியை அணைத்துவிட்டுப் போனாலும் கடை ஒரு நாள் வரை தானாக நடக்கும். இருநூறுக்கும் மேற்பட்ட அறைகளில் யாரும் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வாங்கப் போவதில்லை என்பதால், முதல் அறையில் வாசலை ஒட்டிய இடத்துக்குப் பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையின் முனைக் கடைக்கு இருக்கும் அதே மவுசு இருந்தது. கடைசி அறையில் மலிவாக விற்றவரின் பொருள் தேங்கிக் கிடக்க, முதல் அறையில் கூடுதல் விலை வைத்தவர் விற்று முடிப்பார். இந்த வேறுபாட்டையே பிழைப்பாக்கிக்கொண்டவர்களும் இருந்தார்கள்: உள்ளறைகளில் மலிவாக வாங்கி முன்னறைகளில் விற்பது. அவர்கள் எதையும் உற்பத்தி செய்யவில்லை என்று குறை சொல்வது எளிது. ஆனால் பிறருடைய தேடும் நேரத்தை மிச்சப்படுத்தியதும், உள்ளறை விற்பவருக்கு ஒரு வாங்குபவரைத் தந்ததும் அவர்கள்தான்.

இதைப் பொருளியலில் முதலில் முறையாக எழுதியவர் ஜார்ஜ் ஸ்டிக்லர். விலையைத் தேடுவதற்கும் ஒரு செலவு உண்டு, அந்தச் செலவு இருக்கும்வரை ஒரே பொருளுக்குப் பல விலைகள் நிலைத்திருக்கும் என்று 1961-இல் அவர் காட்டினார். இதற்குத் தெளிவான மெய்யுலகச் சான்று நமக்கு அருகிலேயே, கேரளக் கடற்கரையில் கிடைத்தது. 1997 முதல் 2001 வரை வட கேரளத்தின் கடலோர மாவட்டங்களுக்குக் கைத்தொலைபேசி வசதி படிப்படியாக வந்தது. மத்தி மீன் பிடிப்பவர்கள் கடலில் இருந்தபடியே எந்தத் துறையில் என்ன விலை என்று கேட்டுவிட்டுக் கரை சேரத் தொடங்கினார்கள். இதை ஆராய்ந்து ராபர்ட் ஜென்சன் 2007-இல் வெளியிட்ட கட்டுரையின்படி, துறைக்குத் துறை இருந்த விலை வேறுபாடு ஏறக்குறைய மறைந்தது. வாங்க ஆளின்றி மீனைக் கொட்டுவது நின்றது. மீனவரின் லாபம் 8 விழுக்காடு கூடியது. நுகர்வோர் கொடுத்த விலை 4 விழுக்காடு குறைந்தது. மேப்பிள்ஸ்டோரியில் அந்தக் கைத்தொலைபேசியின் இடத்தில் இருந்தது மினர்வாவின் ஆந்தை என்ற பொருள். அதைப் பயன்படுத்தினால் தேடும் பொருளை எந்தக் கடையில் என்ன விலைக்கு விற்கிறார்கள் என்ற பட்டியல் வரும். ஒரு வேறுபாடு உண்டு: அந்த ஆந்தையை நிஜப் பணம் கொடுத்து வாங்க வேண்டும். தகவலே விற்பனைச் சரக்கானபோது, வாங்க வசதி உள்ளவருக்கு மலிவு விலை முதலில் கண்ணில் பட்டது.

அப்படியென்றால் எல்லாவற்றையும் ஒரே தேடல் பெட்டியில் கொண்டுவந்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடுமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதைச் செய்து பார்த்த விளையாட்டு டயாப்லோ 3. 2012-இல் வெளிவந்த அதில் விளையாட்டு நாணயத்துக்கு ஒன்றும் நிஜப் பணத்துக்கு ஒன்றுமாக இரண்டு ஏல மையங்கள் இருந்தன. தேடும் செலவு மிகவும் குறைந்தது. ஆனால் அரக்கர்களை அடித்துக் கிடைக்கும் எந்தக் கருவியும் ஏல மையத்தில் சில நொடிகளில் வாங்கக்கூடியதைவிட மட்டமாகவே தோன்றியது. பொருள் தேடுவதே அந்த விளையாட்டின் உயிர். சந்தை அந்த உயிரை எடுத்துவிட்டது என்று உருவாக்கியவர்களே ஒப்புக்கொண்டு 2014 மார்ச் 18 அன்று இரண்டையும் மூடினார்கள். பாத் ஆஃப் எக்ஸைல் விளையாட்டை நடத்துபவர்கள் இதைக் கருதியே வணிகத்தைப் பல ஆண்டுகள் வேண்டுமென்றே கடினமாக வைத்திருந்தார்கள். 2024-இல்தான் நாணய மாற்றுச் சந்தையை உள்ளே அனுமதித்தார்கள். இதனால் ஸ்டிக்லரின் முடிவு பொய்யாகிவிடவில்லை. மீன் சந்தையில் தேடல் வெறும் செலவு. விளையாட்டில் அது செலவாகவும் இன்பமாகவும் ஒருசேர இருக்கிறது. எவ்வளவு தேடலை மிச்சம் வைப்பது என்பது ஒவ்வொரு விளையாட்டும் தனக்கென எடுக்க வேண்டிய முடிவு. அந்த முடிவே விலைகளின் அகலத்தை நிர்ணயித்துவிடுகிறது.

இதுவரை சொன்னது ஒரு பொருளின் விலை இன்னொரு பொருளோடு ஒப்பிட எப்படி அமைகிறது என்பது. எல்லா விலைகளும் சேர்ந்து ஏறுவது வேறு கதை. ஒவ்வொரு அரக்கன் விழும்போதும் மெசோ புதிதாகப் பிறக்கிறது. கிடைத்த குப்பைப் பொருளை விளையாட்டின் சொந்தக் கடையில் விற்றாலும் பிறக்கிறது. மருந்துக் குப்பி வாங்கினாலோ பயணச்சீட்டு எடுத்தாலோ அழிகிறது. ஆனால் ஒரு வீரர் இன்னொருவரிடம் சுருள் வாங்கும்போது மெசோ கை மாறுகிறதே ஒழிய அழிவதில்லை. இதைக் கவனிக்காததால்தான் விளையாட்டுச் சந்தையின் விலைவாசி பற்றிப் பல தவறான கருத்துகள் உலவுகின்றன. ஓர் உலகில் தினமும் 100 கோடி மெசோ பிறந்து, மருந்துக்கும் பயணத்துக்கும் 70 கோடி அழிகிறது என்று வைத்துக்கொள்வோம். மிஞ்சும் 30 கோடி நாளுக்கு நாள் சேரும். அதே அளவு பொருளைத் துரத்தும். மருந்தின் விலை நிலையானது என்பதால், வீரர்களின் வருமானம் வளர வளர மெசோவை அழிக்கும் அந்த வடிகாலின் பங்கு சுருங்கிக்கொண்டே போகும். விழுக்காட்டு முறையில் போடும் விற்பனை வரி அப்படியல்ல. விலை ஏறினால் வரியும் தானே ஏறும். 3 விழுக்காடு வரி இருந்தால், தினசரி வணிகம் 1,000 கோடியை எட்டும் நாளில் அந்த 30 கோடியும் அழிந்து விலையேற்றம் நின்றுவிடும். மேப்பிள்ஸ்டோரியில் தொகை கூடக் கூட விகிதமும் கூடும் வரி இருந்தது. வரியே இல்லாமல் ஓடிய ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்பின் பொதுச் சந்தையில் 2021 டிசம்பரில் 1 விழுக்காடு வரி வந்தது. அதன் ஒரு பகுதியைக் கொண்டு விளையாட்டே சில பொருட்களை வாங்கி அழித்தது.

வடிகால் சிறுத்தால் நடப்பதற்கு மேப்பிள்ஸ்டோரியிலேயே ஒரு விசித்திரமான சாட்சி உண்டு. பழைய பதிப்பில் ஒருவர் வைத்திருக்கக்கூடிய அதிகபட்ச மெசோ 2,147,483,647. இது யாரும் ஆலோசித்து வைத்த உச்சவரம்பு அல்ல. கணினியில் 32 பிட் கொண்ட ஒரு முழு எண் தாங்கக்கூடிய பெரிய மதிப்பு. மேலான கருவிகளின் விலை இந்த எண்ணைத் தாண்டியபோது, விற்பவருக்கு மெசோவில் விலை சொல்லவே வழியில்லை. மீதியை அரிய சுருள்களாகக் கேட்டார்கள், சுருள் நாணயமாயிற்று. ரூன்ஸ்கேப்பும் இதே எண்ணில்தான் முட்டியது. 2001 கிறிஸ்துமசுக்கு இலவசமாகத் தூவப்பட்ட காகிதத் தொப்பிகளின் விலை அந்த வரம்பையும் கடந்தது. டயாப்லோ 2-இல் பொன் மதிப்பிழந்ததும் ஸ்டோன் ஆஃப் ஜோர்டான் என்ற மோதிரம் பணமாக வழங்கியது. பிறகு அதையும் கள்ளத்தனமாகப் பிரதி எடுத்துக் குவித்தார்கள். நாணயம் செத்தால் மக்கள் வணிகத்தை நிறுத்துவதில்லை, வேறொரு நாணயத்தைத் தேர்ந்துகொள்கிறார்கள். நம் பகுதியில் ஏராளமான பிள்ளைகள் விளையாடிய குரோடோப்பியாவில் உலகப் பூட்டு என்ற பொருள்தான் பணம். அதைக் கடையில் 2,000 ரத்தினம் கொடுத்து எப்போதும் வாங்கலாம் என்பதால், அதன் மதிப்புக்கு ஓர் உறுதியான பிடி இருந்தது.

விலையேற்றத்துக்கு நிஜப் பணத்துக்கு மெசோ விற்பவர்களே காரணம் என்பது இன்னொரு பரவலான குற்றச்சாட்டு. விற்பனை விதிமீறல்தான், அதில் ஐயமில்லை. ஆனால் கை மாறுவதால் மட்டும் மெசோ பெருகாது. பெருக்குவது, விற்பதற்காகவே இரவும் பகலும் அரக்கர்களை அடிக்க வைக்கப்படும் தானியங்கி நிரல்களும், அவற்றை ஈடுகட்ட முடியாத வடிகாலும்தான். ஏன் ஒருவர் அந்த உழைப்பில் இறங்குகிறார் என்பதையும் பார்க்க வேண்டும். மேப்பிள்ஸ்டோரி இங்கே தொடங்கிய ஆண்டில் ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்குச் சுமார் 2.3 ரிங்கிட், பின்னாளில் அது 3 ரிங்கிட்டைத் தாண்டியது. ஸ்கூடாயில் ஒரு மணி நேரமும் சிங்கப்பூரின் ஜூரோங்கில் ஒரு மணி நேரமும் விளையாட்டுக்குள் ஒரே மெசோவைத் தரும்; வெளியே அந்த மணிகளின் கூலி ஒன்றல்ல. காலையில் வேலைக்காகத் தெற்கே செல்லும் பேருந்துகளையும், வார இறுதியில் மளிகை வாங்க வடக்கே வரும் கார்களையும் கடற்பாலத்தில் நிறைப்பது இதே ஏற்றத்தாழ்வுதான். அது விளையாட்டின் எல்லையில் நின்றுவிடும் என்று எதிர்பார்க்கக் காரணம் இல்லை. 2017 வாக்கில் வெனிசுவேலாவின் பொருளாதாரம் சரிந்தபோது, அங்கே பலர் ரூன்ஸ்கேப் பொன்னைச் சேர்த்து விற்றே வீட்டுக்கு உணவு வாங்கினார்கள். பொருளியலாளர் எட்வர்ட் காஸ்ட்ரோனோவா 2001-இலேயே எவர்குவெஸ்ட் விளையாட்டின் பொருட்கள் வெளியே விலைபோவதைக் கொண்டு, அந்தக் கற்பனை நாட்டின் தனிநபர் உற்பத்தி 2,266 டாலர் என்றும், அது ரஷ்யாவுக்கும் பல்கேரியாவுக்கும் இடையே வரும் என்றும் கணக்கிட்டுக் காட்டியிருந்தார்.

இவ்வளவுக்கும் பிறகு ஓர் ஆட்சேபணை நிற்கிறது: நிறுவனம் நினைத்தால் ஒரே இரவில் எந்தப் பொருளையும் கோடிக்கணக்கில் உருவாக்கிவிடலாம், ஆகவே இது சந்தையே அல்ல, வெறும் பொம்மை. உருவாக்கலாம் என்பது உண்மை. 2025 அக்டோபரில் கவுன்டர் ஸ்ட்ரைக்கை நடத்தும் வால்வ் நிறுவனம் ஒரு விதியை மாற்றி, ஸ்கின் எனப்படும் சிவப்புத் தரத் துப்பாக்கி ஓவியங்கள் ஐந்தைக் கொடுத்தால் ஒரு கத்தியோ கையுறையோ பெறலாம் என்றது. கத்திகளின் விலை சடசடவென்று சரிந்தது, சிவப்பு ஓவியங்களின் விலை தாவியது, மொத்தச் சந்தை மதிப்பில் 100 கோடி டாலருக்கும் மேல் கரைந்ததாகக் கண்காணிப்புத் தளங்கள் மதிப்பிட்டன. எனக்கு இது சந்தை பொய் என்பதற்கான சான்றாகத் தெரியவில்லை. புதிய விதியைப் படித்த சில மணி நேரத்திலேயே இலட்சக்கணக்கானவர்கள் புதிய உற்பத்திச் செலவைக் கணக்கிட்டு விலையைத் திருத்திக்கொண்டார்கள். சந்தை செய்ய வேண்டிய வேலை அதுதானே. பொய்யானது ஒன்றே ஒன்று: அந்தப் பொருட்களைச் சேமிப்பு என்று நம்பியவர்களின் பாதுகாப்பு உணர்வு. இன்னொன்றும் இங்கே கவனிக்கத்தக்கது. வால்வ் நிறுவனத்தின் சொந்தச் சந்தையில் ஒவ்வொரு விற்பனையிலும் பிடிக்கப்படும் 15 விழுக்காடு, பணவீக்கத்தை அடக்கும் வடிகால் அல்ல, நிறுவனத்தின் வருமானம். விதியை எழுதுபவரே தரகும் வாங்கும்போது, விலை பற்றிய ஒவ்வொரு முடிவிலும் அவருக்குச் சொந்த நலன் இருக்கிறது.

அதனால் எனக்குப் பெரிய கவலை, விதி மாறுவதைவிட விதி மறைக்கப்படுவது. மேப்பிள்ஸ்டோரியிலேயே அது நடந்தது. கருவிகளின் கூடுதல் திறன்களைச் சீட்டுக் குலுக்குவதுபோல் மாற்றித்தரும் க்யூப் என்ற பொருளை நெக்ஸான் நிறுவனம் கொரியாவில் 2010-இல் நிஜப் பணத்துக்கு விற்கத் தொடங்கியது. சில மாதங்களிலேயே, பலரும் விரும்பிய திறன்கள் வரும் வாய்ப்பைச் சொல்லாமல் குறைத்தது. 2011 ஆகஸ்டு முதல், மிக விரும்பப்பட்ட சில சேர்க்கைகள் வரும் வாய்ப்பு பூஜ்யமாகவே இருந்தது. இது 2021-இல்தான் வெளிவந்தது. 2024 ஜனவரியில் கொரிய நியாய வணிக ஆணையம் நெக்ஸானுக்கு 1,160 கோடி வொன் அபராதம் விதித்தது. அந்த மார்ச் மாதம் முதல் அதிர்ஷ்ட விகிதங்களை வெளியிடுவது அங்கே சட்டப்படி கட்டாயம். கையுறைக்குப் போட்ட கணக்கை இந்த க்யூபுக்குப் போட முயன்றவருக்கு நேர்ந்ததை நினைத்துப் பாருங்கள். 60 விழுக்காடு என்று தெரிந்தால் 30 சுருள் என்ற விடை வரும், தெரியாவிட்டால் ஊகம்தான். பூஜ்யம் என்றாலோ சராசரிச் செலவு என்று ஒரு எண்ணே கிடையாது, எத்தனை க்யூப் வாங்கினாலும். பத்தாண்டுகளாக அந்தச் சேர்க்கைகளைத் தேடிக் க்யூப் வாங்கியவர்கள் கணக்குத் தெரியாதவர்கள் அல்லர். கணக்குக்கு வேண்டிய எண் அவர்களிடம் தரப்படவில்லை.

அந்த எண்களைத் தருவதால் விளையாட்டு கெட்டுவிடாது என்பதற்கும் முன்னுதாரணம் இருக்கிறது. ஈவ் ஆன்லைன் விளையாட்டை நடத்தும் ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் 2007-இல் எய்யோல்ஃபுர் குட்முண்ட்சன் என்ற பொருளியலாளரைப் பணியமர்த்தியது. அதன் மாதாந்திரப் பொருளாதார அறிக்கையில் எவ்வளவு நாணயம் எந்த வழியில் பிறந்தது, எந்த வழியில் அழிந்தது என்பது வெளிப்படையாக வருகிறது. அதைப் படித்து வணிகம் செய்பவர்கள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். கைபேசி வழியாக ரிங்கிட் செலுத்தி இங்கே விளையாடும் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கும் இதே உரிமை வேண்டும்: அதிர்ஷ்டப் பெட்டியின் விலை எழுதியிருக்கும் அதே திரையில், அதே அளவு எழுத்தில், உள்ளே எது வர எவ்வளவு வாய்ப்பு என்பதும் இருக்க வேண்டும். விகிதம் மாறினால், மாறிய தேதியோடு.